மூன்று டாலரும் மூன்று போர்வெல்லும்: கடும் வறுமை பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேட்கப்படும் கேள்விகள்

பென்னாகரம், பாலக்கோடு, காவேரிப்பட்டணம் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துப் பல வருடம் சுற்றியிருக்கிறேன். கூட்டம் முடிந்து டீ வரும் நேரத்தில்தான் நல்ல கேள்விகள் வரும். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் "ஐ.நா. இலக்கு மொத்தம் எத்தனை?" என்று கேட்பார்கள். பக்கத்தில் புளி தட்டிக்கொண்டிருக்கும் அம்மா, "அதெல்லாம் எங்க ஊருக்கு வருமா?" என்பார். இரண்டுக்கும் ஒரே இடத்தில் பதில் இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

கடும் வறுமை என்கிறார்களே, சாதாரண வறுமைக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

வறுமை என்பது நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறும். அமெரிக்காவில் ஏழை என்று பட்டியலில் இருப்பவரிடம் கார் இருக்கலாம். கடும் வறுமை அப்படியல்ல. வயிற்றுக்கு, உடம்புக்கு, தலைக்கு மேல் ஒரு கூரைக்கு என்று அடிப்படைக்கே பற்றாத நிலை. எந்த நாட்டில் இருந்தாலும் இதற்குக் கீழே போகக் கூடாது என்று உலக வங்கி ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. மிக ஏழ்மையான நாடுகள் தங்களுக்குத் தாங்களே வைத்திருக்கும் வறுமைக் கோடுகளைப் பார்த்துத்தான் இதைப் போடுகிறார்கள்.

1990இல் அது நாளைக்கு ஒரு டாலர். 2008இல் 1.25, 2015இல் 1.90, 2022இல் 2.15. 2025 ஜூனில் மூன்று டாலர் ஆக்கினார்கள். கோடு ஏறியதால் ஒரே நாளில் ஏழைகள் கூடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. விலைவாசியை மறுபடி அளந்தார்கள், ஏழை நாடுகளும் தங்கள் கோட்டை உயர்த்தியிருந்தன. அதனால் அளவுகோலை மாற்றினார்கள்.

மூன்று டாலர் என்றால் 250 ரூபாய்க்கு மேல் வருகிறதே? களை எடுக்கப் போனாலே அவ்வளவு கிடைக்கிறது. அப்படியானால் இங்கே கடும் வறுமையே இல்லையா?

எல்லாரும் சறுக்கும் இடம் இது. சந்தையில் ஒரு டாலருக்கு 80 ரூபாய்க்கு மேல் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்கும் சாமானை, சராசரியாகப் பார்த்தால், இங்கே சுமார் 20 ரூபாயில் வாங்கிவிடலாம். முடி வெட்டுவது, காய்கறி, பஸ், வாடகை எல்லாமே இங்கே மலிவு. அந்த வாங்கும் திறன் கணக்கில்தான் கோடு போடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் 2021 விலைவாசிப்படி மூன்று டாலர் என்பது நம் ஊரில் ஆளுக்கு 60 ரூபாய் சொச்சம்.

இன்னொன்றும் இருக்கிறது. இது கூலி வாங்குபவருக்கு மட்டும் போட்ட கணக்கு அல்ல, வீட்டில் இருக்கும் தலை ஒவ்வொன்றுக்கும் போட்டது. ஒரு வீட்டில் ஐந்து பேர் என்று வையுங்கள்: அம்மா, இரண்டு பிள்ளைகள், ஆயா, தாத்தா. அப்பா பெங்களூரு போனவர் பணம் அனுப்பவில்லை. அம்மாவுக்கு நாளைக்கு 300 ரூபாய் கூலி, மாதத்தில் 15 நாள் வேலை. மொத்தம் 4,500. முப்பது நாளுக்கும் ஐந்து பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு 30 ரூபாய். வீட்டில் விளைந்த கேழ்வரகுக்கும் ஒரு விலை போட்டுச் சேர்ப்பார்கள். அதைச் சேர்த்தாலும் கோட்டைத் தொடுவது கஷ்டம். 300 ரூபாய் கூலி வாங்குபவர் கடும் வறுமையில் இருக்க முடியுமா என்றால், முடியும்.

இந்த இலக்கையெல்லாம் யார், எப்போது முடிவு செய்தார்கள்?

தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாக: 2000 செப்டம்பரில் ஐ.நா.வில் கூடிய நாடுகள் மில்லினியம் பிரகடனம் வெளியிட்டன. அதிலிருந்து 8 இலக்குகள் வந்தன. முதல் இலக்கில், கடும் வறுமையில் இருப்போரின் விகிதத்தை 1990இல் இருந்ததில் பாதியாக 2015க்குள் குறைப்பது என்று இருந்தது. 2010இலேயே அது நடந்துவிட்டது. அதன்பின் 2015 செப்டம்பர் 25 அன்று 193 நாடுகள் நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றன. 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 குறியிலக்குகள். முதல் இலக்கின் முதல் வரி: 2030க்குள் எல்லா இடத்திலும், எல்லாருக்கும், கடும் வறுமையை ஒழிப்பது. பாதி அல்ல, முழுதும்.

"நீடித்த நிலையான வளர்ச்சி" என்றால் மரம் நடுவதுதானே? வறுமைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அந்தச் சொல்லைக் கேட்டாலே தூக்கம் வரும், ஒப்புக்கொள்கிறேன். 1987இல் நார்வே பிரதமர் குரோ ஹார்லம் புருந்த்லாந்து தலைமையில் ஐ.நா. அமைத்த குழு அதற்கு ஒரு விளக்கம் கொடுத்தது. இன்றைய தேவையைத் தீர்த்துக்கொள்ளலாம், ஆனால் வரப்போகும் தலைமுறை தன் தேவையைத் தீர்த்துக்கொள்ளும் வழியை அடைக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

நம் ஊர் பாஷையில் சொல்ல வேண்டுமானால் போர்வெல் கதையைச் சொன்னால் போதும். காரிமங்கலம் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மானாவாரிக் காடு, இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல். முதல் போர் 400 அடியில் தண்ணீர் கொடுத்தது. தக்காளி வைத்தார்கள். இரண்டு வருடம் நல்ல காசு. வீட்டுக்குச் சிமெண்ட் தரை வந்தது, பெரிய பையன் ஐ.டி.ஐ.க்குப் போனான். பக்கத்துக் காட்டுக்காரர்களும் பார்த்துவிட்டுப் போர் போட்டார்கள். மூன்றாம் வருடம் தண்ணீர் இறங்கியது. அடுத்த போர் 800 அடி, ஒரு கோடைதான் தாங்கியது. அடுத்தது ஆயிரம் அடியைத் தாண்டியும் தண்ணீர் வரவில்லை. வெள்ளையாகப் புழுதிதான் புகை மாதிரி எழும்பியது. லாரிக்காரருக்குக் கொடுக்க அந்த அம்மாவின் தாலிக்கொடி அடகுக்குப் போனது. கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியது. அன்று சாயங்காலம் நான் போனபோது, குழாயில் ஒட்டியிருந்த ஈரமில்லாத கல்தூளை அவர் கையால் தட்டிக்கொண்டே நின்றார். ஒன்றும் பேசவில்லை.

அந்த முதல் இரண்டு வருடத்தில் கணக்கெடுக்க யாராவது வந்திருந்தால், வறுமையிலிருந்து மீண்ட குடும்பம் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். எழுதியதில் தப்பும் இல்லை. ஆனால் நிலத்தடி நீரைக் கடன் வாங்கி ஏறிய ஏற்றம் அது. கோட்டுக்கு மேலே ஏறுவது ஒரு வேலை, ஏறிய இடத்தில் நிற்பது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலையைத்தான் 'நிலையான' என்கிறார்கள். என்னைக் கேட்டால் வறுமை ஒழிப்பில் கஷ்டமான பாதி அதுதான்.

சரி, உலகம் இதுவரை எவ்வளவு ஜெயித்திருக்கிறது?

நிறைய. ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. 1990இல், இன்றைய மூன்று டாலர் கோட்டை வைத்துப் பார்த்தால், உலகில் ஐந்தில் இரண்டு பேர் கடும் வறுமையில் இருந்தார்கள். தலை எண்ணினால் 200 கோடிக்கு மேல். இப்போது சுமார் 80 கோடி, பத்தில் ஒருவர். இந்த இறக்கத்தில் பெரும் பங்கு சீனாவுடையது. நாற்பது ஆண்டில் 80 கோடிப் பேர் வரை அங்கே மேலே வந்தார்கள். அடுத்த பெரிய பங்கு நம்முடையது.

2020இல் கொரோனா வந்தபோது ஒரே வருடத்தில் ஏறக்குறைய 7 கோடிப் பேர் மறுபடி கீழே விழுந்தார்கள். கையில் பையோடு தேசிய நெடுஞ்சாலையில் நடந்து ஊர் திரும்பியவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணை விளக்கத் தேவையில்லை. இன்று எஞ்சியிருப்பவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில். யுத்தமும் வறட்சியும் சேர்ந்து அடிக்கும் இடங்களில் வறுமை குறையவே மாட்டேன் என்கிறது.

இந்தியாவில் 5 சதவீதம்தான் என்று செய்தியில் வந்ததே. நம்பலாமா?

உலக வங்கியின் கணக்கு அது. மூன்று டாலர் கோட்டின்படி 2011-12இல் 27.1 சதவீதம், 2022-23இல் 5.3. இறங்கியது உண்மை. ஆனால் இடையில் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு நடத்தும் முறை மாறியது; புதிய முறையில் செலவு கொஞ்சம் கூடுதலாகவே பதிவாகும். அதனால் இறக்கத்தில் ஒரு பகுதி அளவுகோலின் வேலை.

கோடு என்றாலே நம் நாட்டில் ஒரு சண்டை உண்டு. பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் குழு வகுத்த முறைப்படி 2011-12க்கான வறுமைக் கோடு கிராமத்தில் ஆளுக்கு நாளைக்கு 27 ரூபாய், நகரத்தில் 33 ரூபாய் என்று வந்தபோது ஊரே சிரித்தது. பிறகு 2014இல் ரங்கராஜன் குழு அதை 32, 47 என்றது. அதற்கும் சிரித்தார்கள். காசை மட்டும் பார்க்காமல் சத்துணவு, பள்ளிப்படிப்பு, கழிப்பறை, குடிநீர், சமையல் எரிபொருள் என்று பார்க்கும் பல்பரிமாண வறுமைக் குறியீடு எனக்குக் கொஞ்சம் நேர்மையாகப் படுகிறது. நிதி ஆயோக் கணக்கில் அப்படி ஏழையாக இருப்பவர்கள் நாட்டளவில் 2015-16இல் 24.85 சதவீதம், 2019-21இல் 14.96. தமிழ்நாட்டில் 4.76இலிருந்து 2.20. தமிழ்நாட்டு எண்ணைப் பார்த்து நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் சராசரி என்பது சென்னையையும் நம் தருமபுரியின் சித்தேரி மலையையும் ஒரே தராசில் போடுவது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் மாநிலத்தின் எழுத்தறிவு 80 சதவீதம். தருமபுரி மாவட்டத்தில் 68.54, மாநிலத்திலேயே கடைசி.

உலகத் திட்டம், ஐ.நா. என்பதெல்லாம் எங்கேயோ நடப்பது. நம் மாவட்டத்துக்கு அதில் என்ன பங்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் இன்று ஊருக்கு ஊர் இருக்கும் மகளிர் குழு முதலில் முளைத்தது எங்கே? 1989இல், கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த பழைய தருமபுரி மாவட்டத்தில். (கிருஷ்ணகிரி தனியானது 2004 பிப்ரவரியில்தான்.) அதற்குப் பணம் கொடுத்தது பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். ரோமில் தலைமையகம் உள்ள ஐ.நா. அமைப்பு அது. இங்கே நடத்தியது தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம், கூடவே தொண்டு நிறுவனங்கள். ஏன் தருமபுரி? வறட்சி, எழுத்தறிவில் கடைசி, பெண் குழந்தை பிறந்தால் வீடே இருண்டுபோகும் ஊர்கள் என்று நமக்கு அப்போது இருந்த பெயரை வைத்து நீங்களே யூகித்துக்கொள்ளலாம். இங்கே ஓடியதால் சேலம், தென்னார்க்காடு, மதுரை, இராமநாதபுரம் என்று பரவியது. பின்னால் மகளிர் திட்டம் என்ற பெயரில் மாநிலம் முழுக்கப் போனது. 1992இல் ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு இந்தக் குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியது. இன்று இந்தியா முழுக்க 10 கோடிக் குடும்பங்கள் இப்படிக் குழுக்களில் இருக்கின்றன.

ஆனால் அந்த ஆரம்ப காலக் குழுப் பெண்களிடம் போய் ரோம் என்று சொன்னால், "அது எந்தப் பக்கம்?" என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது தகரப் பெட்டிதான். பெட்டி ஒருத்தர் வீட்டில், சாவி இன்னொருத்தர் வீட்டில். வாரம் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் சந்தா. பென்னாகரம் பக்கம் ஒரு அக்கா தன் முதல் உள்கடனைப் பற்றி என்னிடம் சொன்னார். 500 ரூபாய். எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டேன். மாடு, ஆடு என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "அடகுல இருந்த பித்தளை அண்டாவ மீட்டேன்" என்றார். வட்டிக்காரரிடம் மூன்று வருடமாகக் கிடந்த அண்டாவாம். தலையில் கவிழ்த்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில், வேண்டுமென்றே அந்த வட்டிக்காரர் வீட்டு வழியாக நடந்து வந்தாராம்.

எந்தக் கோட்டுக் கணக்கிலும் அந்த நடை ஏறாது. கைநாட்டு வைத்த பலர் பெயர் எழுதக் கற்றதும் குழுவின் தீர்மான நோட்டில்தான். ஆரம்பத்துப் பக்கங்களில் நீல மை ரேகைகள். பத்துப் பக்கம் தள்ளிப் பார்த்தால் கோணல்மாணலாக எழுத்துகள், இரண்டாவது எழுத்தில் பேனா அழுத்தித் தாளே கிழிந்திருக்கும்.

அப்படியானால் கடன் கொடுத்தால் வறுமை போய்விடுமா?

போகாது. குழு வேறு, வாரக் கடன் வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

குழுவில் உங்கள் சேமிப்பு, உங்கள் முடிவு, வட்டியும் குழுவுக்கே. வாரக் கடன் என்பது நிறுவனம் வீடு தேடி வந்து கொடுத்து, வீடு தேடி வந்து வசூலிப்பது. சில தெருக்களில் செவ்வாய்க்கிழமை ஒரு கம்பெனி, வியாழக்கிழமை இன்னொன்று. ஒன்றின் டியூ கட்ட மற்றதில் வாங்குவார்கள். 2015இல் இந்தியா உட்பட ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. இப்படிப்பட்ட குறுங்கடன் சிலருக்குக் கைகொடுத்தது, பெரும்பாலோரின் வருமானத்தில் பெரிய மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை என்பதுதான் அவற்றின் சாரம். வசூல் கெடுபிடி அதிகமானதால் தமிழ்நாடு சட்டமன்றம் 2025இல் கட்டாய வசூலுக்கு எதிராக ஒரு சட்டமே இயற்ற வேண்டி வந்தது.

வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 2002இல் வேறு வழியைப் பிடித்தது. மிக ஏழையான குடும்பத்துக்குக் கடன் கொடுக்காதே. ஒரு மாடோ நாலு ஆடோ இலவசமாகக் கொடு. அதை விற்றுச் சாப்பிடாமல் இருக்கக் கொஞ்ச நாள் கைச்செலவுக்கும் கொடு. வளர்க்கக் கற்றுக்கொடு, சேமிக்க வை, அடிக்கடி வீட்டுக்குப் போய்ப் பார். இரண்டு வருடம் கழித்து விலகிக்கொள். இதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், பெரு என்று ஆறு நாடுகளில் செய்து பார்த்தபோது, உதவி நின்று ஒரு வருடம் ஆன பிறகும் பலன் மொத்தத்தில் நின்றிருந்தது. இப்படிச் சோதனை செய்து பார்த்து வறுமையை ஆராயும் முறைக்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் நோபல் கிடைத்தது. இதில் எனக்குப் பிடித்தது நோபல் அல்ல, அடிக்கடி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதுதான். ஆட்டுக்குச் சளி பிடித்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய பலம்.

சும்மா மாதாமாதம் பணம் கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடமாட்டார்களா?

டீக்கடையில் இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் அந்தப் பணம் வாங்காதவர். 1997இல் மெக்சிகோ, 2003இல் பிரேசில் என்று பல நாடுகள் பெரிய அளவில் செய்துபார்த்த விஷயம் இது. உலக வங்கியைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 2014இல் பல நாட்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பணம் வாங்கிய குடும்பங்கள் மதுவுக்கும் சிகரெட்டுக்கும் கூடுதலாகச் செலவழிக்கவில்லை என்று தெரிந்தது.

நம் மாநிலத்தில் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு தொடங்கியதே தருமபுரி மாவட்டம் தொப்பூரில்தான், 2023 ஜூலை 24 அன்று. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. அந்த ஆயிரத்தில் யாரும் மாடி கட்டிவிடவில்லை. நான் பார்த்தவரை கேஸ் சிலிண்டர், மாத்திரை, பிள்ளைகளுக்கு நோட்டு, குழுச் சந்தா என்று போகிறது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் வரும் ஆயிரம் இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கும் வீட்டில், "பணம் வருதுல்ல, படிக்கட்டும்" என்று ஒரு வாய்தா கிடைக்கிறது.

ஒகேனக்கல் தண்ணீர்த் திட்டமும் இதில் சேர்த்தியா?

கட்டாயம். வறுமை ஒழிப்பு என்ற பெயர்ப்பலகை அதில் இல்லை, அவ்வளவுதான்.

நம் பாறை நிலத்தில் ஆழம் போகப் போகத் தண்ணீரில் ஃபுளோரைடு கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதிலிருந்து குடித்தால் பல்லில் காவிக் கறை விழும், ஆயுசுக்கும் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகும். முன்னே சொன்ன அண்டா அக்கா சிரிக்கும்போது இன்றும் முந்தானையால் வாயை மறைப்பார். வெட்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போன காலத்தில் வந்த பழக்கமாம் அது. மூட்டு மடங்காத மனிதருக்கு நாற்று நடவோ மூட்டை தூக்கவோ முடியாது, கூலி போச்சு. தண்ணீரே ஆளை ஏழையாக்கும் கதை இது.

காவிரித் தண்ணீரை ஒகேனக்கல்லில் எடுத்துச் சுத்திகரித்து இரண்டு மாவட்டத்துக்கும் குழாயில் கொண்டுவர 1,928.80 கோடி ரூபாயில் திட்டம் போட்டார்கள். பெரும் பகுதி ஜப்பானின் ஜைக்கா நிறுவனம் கொடுத்த கடன். 2008இல் அடிக்கல், 2013 மே மாதம் பயன்பாட்டுக்கு வந்தது. வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, கடைக்கோடித் தெருவுக்கு எட்டுகிறதா என்று சண்டை இருக்கத்தான் செய்கிறது. கோடையில் குழாய் காய்ந்தால் மக்கள் மறுபடி பழைய போருக்கே போகிறார்கள். இருந்தாலும் இந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயைத் திறந்து சிரிப்பதைப் பாருங்கள்.

ரேஷனில் கேழ்வரகு கொடுத்தார்களே, அதுவுமா?

அதுவும்தான். 2023ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐ.நா. அறிவித்தது. அந்த வருடம் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் ஏற்பாடு வந்தது. தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பயிர், விளைவித்தவருக்கு நிச்சயமான விலை, சாப்பிடுபவருக்குச் சத்து. போர்வெல்லுக்கு ஆயிரம் அடி போகத் தேவையில்லாத விவசாயத்துக்கு இது ஒரு வழி. களி கிண்டத் தெரிந்த கை வீட்டுக்கு வீடு குறைந்துகொண்டே வருகிறது என்பது வேறு கவலை.

ஓசூர் மாதிரி தொழிற்சாலைகள் வந்தால் தானாக வறுமை போய்விடாதா?

பாதி போகும். ஓசூர் சிப்காட் வந்தது எழுபதுகளில். இன்று போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை, ஓசூருக்கு அப்பால் செல்போன் பாகம் செய்யும் ஆலை என்று வரிசையாக வருகின்றன. சில இடங்களில் ஆயிரக்கணக்கில் பெண்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., தன் பெயரில் வங்கிக் கணக்கு. ஒரு பெண் வேலைக்குப் போனதும் வீட்டில் பேச்சின் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கதவு பிளஸ் டூ, டிப்ளமோ படித்தவர்களுக்குத்தான் திறக்கிறது. ஐம்பது வயது அப்பா இன்னமும் திங்கட்கிழமை விடியற்காலை அரூரிலிருந்து பெங்களூரு பஸ் ஏறிக் கட்டட வேலைக்குப் போகிறார். அங்கே அவர் கட்டும் வீட்டில் அவருக்கு ஒரு பிளாஸ்டிக் ஷெட். ரேஷன் அட்டை ஊரில், பிள்ளைகள் ஆயாவிடம். மாந்தோப்புக்காரர்களும் பாவம்தான். மாங்கூழ் ஆலைகள் சொல்வதுதான் கிளிமூக்கு மாங்காயின் விலை. 2025 சீசனில் கிலோ ஐந்து ரூபாய் அளவுக்கு விழுந்தபோது பறிகூலிக்கே கட்டவில்லை என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. தொழிற்சாலை பக்கத்தில் இருப்பதால் மட்டும் வறுமை போய்விடாது என்பதற்குக் கிருஷ்ணகிரி மாந்தோப்பு நல்ல சாட்சி.

பணக்கார நாடுகள் உதவி செய்வதில்லையா?

தேசிய வருமானத்தில் 0.7 சதவீதம் கொடுப்பதாக 1970இல் ஐ.நா.வில் முடிவு. நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் மாதிரி விரல்விட்டு எண்ணும் நாடுகள்தான் அதைத் தொட்டிருக்கின்றன. பெரும்பாலான நாடுகளுக்கு ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் அது தீர்மானமாகவே இருக்கிறது.

கேரளாவில் ஒழித்துவிட்டதாகச் சொன்னார்களே?

2025 நவம்பர் 1 அன்று அறிவித்தார்கள். எந்தெந்தக் குடும்பம் என்று வார்டு வார்டாகத் தேடி 64,006 குடும்பங்களைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் எழுதினார்கள். ஒருவருக்கு ஆதார், ஒருவருக்கு டயாலிசிஸ், இன்னொருவருக்கு வீடு. எந்த அளவுகோலில் எடுத்தார்கள், விட்டுப்போனவர்கள் யார் என்று பொருளாதார அறிஞர்கள் கேள்வி எழுப்பினார்கள், அதுவும் நியாயம்தான். எப்படியோ, சதவீதத்தை விட்டுவிட்டுப் பெயர் எழுதி வேலை பார்த்தார்கள். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி பக்கம் அப்படி ஒரு பட்டியல் எடுத்தால் என்ன வரும் என்று எனக்கு ஆசையாகவும் பயமாகவும் இருக்கிறது. பாதை இல்லாத மலைக்கிராமங்களில் நோயாளியைத் தொட்டில் கட்டித் தூக்கி வருவது இன்னும் முழுதாக ஒழியவில்லை.

2030க்குள் முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.

உலகம் முழுதும் முடியாது. 2024இல் ஐ.நா.வே வெளியிட்ட அறிக்கைப்படி, அளக்க முடிந்த குறியிலக்குகளில் 17 சதவீதம்தான் சரியான பாதையில் இருக்கிறது. இப்போதைய போக்கில் 2030இலும் உலகில் ஏறக்குறைய பதினொன்றில் ஒருவர் கடும் வறுமையில் இருப்பார். இந்தியா கோட்டளவில் கிட்டத்தட்ட எட்டிவிடலாம். எட்டியவர்கள் அங்கேயே நிற்பார்களா என்பது ஆஸ்பத்திரிச் செலவு, மழை, போர்வெல், கடன் இந்த நாலையும் பொறுத்தது.

சாதாரண ஆள் நான். என்னால் என்ன செய்ய முடியும்?

கிராம சபைக்குப் போங்கள். வருடத்தில் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். எந்தத் தெருக் குழாயில் எத்தனை நாளாகத் தண்ணீர் வரவில்லை, எந்தப் பாட்டிக்கு முதியோர் பணம் நின்றது, எந்த வீட்டுப் பிள்ளை பெங்களூரு போனதால் பள்ளிக்கு வரவில்லை என்று முதல் நாள் ராத்திரியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்டதைத் தீர்மான நோட்டில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். "நீங்க போட்டுட்டுப் போங்க, அப்புறம் எழுதிக்கறோம்" என்று வெற்றுப் பக்கத்தை நீட்டினால் போடாதீர்கள். எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆகும், அதுவரை அங்கேயே உட்காருங்கள்.